கொங்கு நாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு: விடுமுறையும் விடுப்பும் கணக்கிட்டுப் பெறுவது எப்படி

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, கோவை பம்ப் தொழிற்சாலையிலோ, பெருந்துறை சிப்காட்டிலோ, கரூர் ஏற்றுமதி நிறுவனத்திலோ புதிதாகச் சேருகிறவர் முதலில் கேட்பது ஷிப்டுக்கு எவ்வளவு சம்பளம் என்பதைத்தான். அடுத்துக் கேட்பது ஓவர்டைம் உண்டா என்பது. விடுமுறையைப் பற்றிச் சேரும்போதே கேட்பவர்கள் மிகக் குறைவு. ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு, அல்லது தங்கைக்குக் கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் அந்தப் பேச்சு எழுகிறது. அப்போது சூப்பர்வைசர் "லீவு போட்டால் சம்பளம் கிடையாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கேட்டவரும் அதுதான் சட்டம் என்று நம்பி ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்.

மில் டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். சம்பளத்துடன் கூடிய விடுப்பு நீங்கள் உழைத்த நாட்களிலிருந்து விளைந்த கூலி. அதை முதலாளியின் தயவாக நினைத்துத் தயங்கி நிற்பதால்தான் பலருக்கு அது கிடைக்காமலே போகிறது. கேட்பதற்குத் துணிச்சலை விட முக்கியமாக வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கைப் போடும் விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் வேலையிடம் எந்த வகை?

எல்லா வேலையிடத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. பனியன் கம்பெனி, நூல் மில், ஃபவுண்டரி, சாயப்பட்டறை எல்லாம் தொழிற்சாலை வகை. இவற்றுக்கு நீண்டகாலமாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆண்டு விடுப்பில் தொழிலாளிக்கு நன்மையான மாற்றங்கள் அதில் உண்டு. ஆனால் கம்பெனிச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸ் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். சுவரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

துணிக்கடை, நகைக்கடை, ஹோட்டல், மொத்த வியாபார மண்டி, தனியார் அலுவலகம் ஆகியவற்றுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஈரோட்டு ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடுகிறவரும், கோவை சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவரும் இந்த வகைக்குள் வருவார்கள்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், பல்லடம் பகுதிகளில் நாலைந்து பேர் மட்டும் ஓட்டுகிற தறிக்குடோன்களின் நிலை வேறு. ஆண்டு விடுப்புக்கான சட்டத்தொகுப்பு, பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கானது. அதற்குக் குறைந்த இடங்களில் கூலி ஒப்பந்தமும் ஊர் வழக்கமும்தான் பேசும். சேருவதற்கு முன் பேசி முடிப்பது அங்கே மிக முக்கியம். முன்பணம் வாங்கிய பிறகு பேசினால் பேச்சில் வலு இருக்காது.

நியமனக் கடிதம் கேளுங்கள். தொழிலாளிக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டத்தொகுப்பு சொல்கிறது. கடிதத்தில் சேர்ந்த தேதி, உங்கள் வேலை, சம்பளம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். விடுப்புக் கணக்கு முழுவதும் சேர்ந்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் சட்டம் சொல்லும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கும் விடுப்புதான் பிடி.

ஆண்டுக்கு ஒன்பது நாட்கள்: சம்பளத்துடன்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. காலண்டரில் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கும் எல்லா நாட்களும் தங்களுக்கு விடுமுறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிவப்பு நாட்கள் தமிழ்நாடு அரசு அறிவிக்கும் பொது விடுமுறைகள். ஆண்டுக்கு இருபதுக்கு மேல் வரும். அவை அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியவை. தனியார் தொழிற்சாலையையோ கடையையோ அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது.

தனியார் நிறுவனங்களுக்கு 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி நான்கு நாட்களை யாரும் மாற்ற முடியாது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக மொத்தம் ஒன்பது. கடை, தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2026-ஆம் ஆண்டில் அந்த நான்கு தேசிய நாட்களும் திங்கள், வெள்ளி, சனி, வெள்ளி என்று வேலை நாட்களிலேயே வருகின்றன. ஒன்றுகூட ஞாயிற்றில் கரைந்து போகவில்லை.

ஐந்து பண்டிகை நாட்கள் எவை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதலாளி, தொழிலாளர் இரு தரப்பையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்யும் விஷயம் அது. கொங்குப் பகுதியில் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை மூன்றும் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். லேத் பட்டறையும் ஃபவுண்டரியும் நிறைந்த கோவையில் ஆயுத பூஜையை விட்டுவிட்டு ஒரு பட்டியலை நினைத்துப் பார்ப்பதே கடினம். மீதியுள்ள நாட்களுக்குத்தான் பேச்சு நடக்கும். தமிழ்ப் புத்தாண்டா, மாட்டுப் பொங்கலா, ரம்ஜானா, கிறிஸ்துமஸா என்று அந்தந்த இடத்தில் வேலை செய்கிறவர்களைப் பொறுத்து அமையும். ஆண்டுத் தொடக்கத்தில் இந்தப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். அதை கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு நடுவில் "அந்த நாள் பட்டியலில் இல்லை" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

உள்ளூர் விடுமுறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்ணாரி அம்மன் குண்டம், கோவை கோனியம்மன் தேர், தீரன் சின்னமலை நினைவு நாளான ஆடிப்பெருக்கு போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். செய்தித்தாளில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த உத்தரவு பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உரியது. அதற்கு ஈடாக அவர்கள் ஒரு சனிக்கிழமை வேலை பார்க்கவும் வேண்டும். உங்கள் கம்பெனி தானாக விட்டால் மட்டுமே உங்களுக்கு விடுமுறை.

பணக் கணக்குக்கு வருவோம். அந்த ஒன்பது நாட்களில் நீங்கள் வீட்டில் இருந்தாலும் அன்றைய சம்பளம் உண்டு. தினக்கூலியாக இருந்தாலும், ஷிப்ட் கணக்கில் சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்கினாலும் உண்டு. ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்று சொல்லி அன்று வேலைக்கு அழைத்தால், அன்றைக்கு இரட்டைச் சம்பளம். அல்லது அன்றைய சம்பளமும், வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறையும். ஒற்றைச் சம்பளத்தைக் கொடுத்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினால் அது குறைவான கூலி.

சம்பளச் சீட்டில் இந்த நாட்களை என்.எப்.எச். (தேசிய, பண்டிகை விடுமுறை) என்ற தலைப்பில் எழுதுவார்கள். ஆகஸ்ட் மாதச் சீட்டில் அந்தக் கட்டத்தில் குறைந்தது ஒன்று என்று இருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தால் அந்த வாரமே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் டைம் ஆபீசில் பழைய பதிவைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனம் வராது.

தேர்தல் வாக்குப்பதிவு நாள் இந்த ஒன்பதில் சேராது, தனி. நாடாளுமன்றத் தேர்தலுக்கோ சட்டமன்றத் தேர்தலுக்கோ வாக்களிக்க உரிமை உள்ளவருக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

வார விடுமுறை

வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால் அதற்கு ஈடான ஓய்வு நாளை அந்த மாதத்துக்குள்ளோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ தர வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாகச் சம்பளம் வராது. அதை ஒன்பது நாள் விடுமுறையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கும் பெரிய கடைகளிலும் ஊழியருக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. கடை மூடாமல் இருக்கலாம். ஆள் ஓய்வில்லாமல் இருக்க முடியாது.

ஈட்டிய விடுப்பு: இதில்தான் பணம் அதிகம் தொலைகிறது

மில்லில் ஈ.எல். என்று சொல்வார்கள். இருபது நாட்கள் வேலை பார்த்தால் ஒரு நாள் விடுப்பு சேரும். இந்த விகிதம் பழைய சட்டத்திலும் புதிய சட்டத்தொகுப்பிலும் ஒன்றுதான். மாறியிருப்பது தகுதி. முன்பு ஒரு காலண்டர் ஆண்டில் 240 நாட்கள் வேலை பார்த்திருக்க வேண்டும். இப்போது 180 நாட்கள் போதும். ஆர்டர் இல்லாமல் லே ஆஃப் விட்ட நாட்களும், பேறுகால விடுப்பும், அந்த ஆண்டில் எடுத்த ஈ.எல். நாட்களும் இந்த 180-ஐ எட்டுவதற்குக் கணக்கில் சேரும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 365 நாட்கள். ஞாயிறு 52, பண்டிகை மற்றும் தேசிய விடுமுறை 9 ஆகியவற்றைக் கழித்தால் 304 வேலை நாட்கள். ஒரு செக்கிங் பெண் அதில் 24 நாட்கள் வரவில்லை என்று வையுங்கள். அவர் வேலை பார்த்தது 280 நாட்கள். இருபதால் வகுத்தால் 14 நாட்கள் ஈ.எல். அவருடைய ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் அந்த 14 நாட்களின் மதிப்பு 8,400 ரூபாய். தீபாவளி போனஸுக்காகக் கம்பெனி வாசலில் கூடிப் பேசுகிறோம். இந்த 8,400 ரூபாயை மட்டும் யாரும் கேட்காமலே விட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் ஆதங்கமாக இருப்பது இதுதான்.

ஜனவரி முதல் தேதியில் சேராதவர்களுக்கு வேறு கணக்கு. சேர்ந்த நாளிலிருந்து டிசம்பர் 31 வரை மீதியுள்ள நாட்களில் கால் பங்கு வேலை பார்த்திருந்தால் போதும். ஜூலை 1 அன்று சேர்ந்தால் மீதி 184 நாட்கள். கால் பங்கு 46. அதைத் தாண்டி 140 நாட்கள் வேலை பார்த்திருந்தால் 7 நாட்கள் விடுப்பு. பழைய சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று இருந்ததால், பள்ளி முடித்து ஜூனில் வந்து சேருகிற பிள்ளைகள் பலர் முதல் ஆண்டில் தகுதி பெறாமல் போனார்கள். இன்று அந்தத் தடை பெரிதும் தளர்ந்திருக்கிறது.

ஷிப்ட் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. திருப்பூரில் காலை எட்டரைக்கு வந்து இரவு ஒன்பது மணிவரை பார்த்தால் ஒன்றரை ஷிப்ட் என்று சம்பளம் போடுவார்கள். விடுப்புக் கணக்குக்கு அது ஒரு நாள்தான். வாரம் ஒன்பது ஷிப்ட் பார்த்தவருக்கும் ஆறு நாள் என்றே எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கும் கம்பெனியின் கணக்கும் ஒத்துப்போகாமல், பேச்சில் நீங்கள்தான் தோற்பீர்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்த நேரத்துக்கு இரட்டைக் கூலி கேட்பது தனி விவகாரம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைத்தால் இரண்டுமே நடக்காது.

எடுக்காமல் விட்ட விடுப்பு அடுத்த ஆண்டுக்குப் போகும். 30 நாட்கள் வரை சேர்த்து வைக்கலாம். முப்பதைத் தாண்டினால் தாண்டிய நாட்களைப் பணமாக வாங்கலாம். ஆண்டு முடிவில் நீங்கள் கேட்டால் விடுப்பைப் பணமாக்கித் தர வேண்டும் என்பதும் புதிய சட்டத்தொகுப்பில் இருக்கிறது. "கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். டிசம்பரில் வாய் திறக்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுக்கப் போவதில்லை. நீங்கள் விண்ணப்பித்து, கம்பெனி மறுத்திருந்தால், அந்த நாட்களை வரம்பே இல்லாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம். அதனால்தான் வாய்மொழியாகக் கேட்காதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். வாயால் மறுத்ததற்குச் சாட்சி கிடையாது.

கடைகள் சட்டத்தில் கணக்கு எளிது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 12 நாட்கள் சம்பள விடுப்பு. 24 நாட்கள் வரை சேர்க்கலாம். இதைத் தவிர ஆண்டுக்கு 12 நாட்கள் நோய் விடுப்பு, 12 நாட்கள் தற்செயல் விடுப்பு. இவை இரண்டும் அடுத்த ஆண்டுக்குப் போகாது. கோவை ஐ.டி. நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வேறு பெயர் வைத்திருப்பார்கள். கூட்டிப் பார்த்துச் சட்டம் சொல்வதற்குக் குறையாமல் இருந்தால் சரி.

பொங்கலுக்கு ஊருக்குப் போவது: ஒரு கணக்கு

விடுப்புக்கு நடுவிலோ ஓரத்திலோ வரும் விடுமுறை நாட்களை விடுப்பாகக் கழிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டால் குறைந்த ஈ.எல். செலவில் நிறைய நாள் ஊரில் இருக்கலாம். 2026 பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். போகி ஜனவரி 14, புதன். பொங்கல் வியாழன். மாட்டுப் பொங்கல் வெள்ளி. அடுத்து சனி, ஞாயிறு. தேனியிலிருந்து வந்து பல்லடத்து மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் புதன் முதல் அடுத்த செவ்வாய், அதாவது 20-ஆம் தேதி வரை, ஏழு நாட்கள் ஊரில் இருக்கிறார். அவருடைய மில் பட்டியலில் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் பண்டிகை விடுமுறைகள் என்றால், அவர் கணக்கில் குறைய வேண்டியது புதன், சனி, திங்கள், செவ்வாய் என நான்கு நாட்கள் மட்டுமே. ஏழு கழித்திருந்தால் மூன்று நாள் சம்பளம் பறிபோயிருக்கிறது என்று பொருள்.

தீபாவளிக்குத் திருப்பூரில் கம்பெனிகள் ஒரு வாரமோ அதற்கு மேலோ மூடிக் கிடக்கும். அதில் தீபாவளி ஒரு நாளுக்கு மட்டும் பண்டிகைச் சம்பளம் போட்டு, மற்ற நாட்களைச் சம்பளமில்லாமல் விட்டுவிடுவார்கள். எப்படியும் அந்த நாட்களில் ஊரில்தான் இருக்கப் போகிறீர்கள். கையில் ஈ.எல். இருந்தால் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பண்டிகைச் செலவுக்கு அந்தச் சம்பளம் உதவும்.

எழுதிக் கொடுக்கும் முறை

விடுப்பு தொடங்குவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் எழுத்து மூலம் கொடுப்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பழகிவந்த முறை. அதையே பின்பற்றுங்கள். திடீர் நோய்க்கு இந்தக் கெடு பொருந்தாது. பெரிய மொழிநடை தேவையில்லை. இவ்வளவு போதும்:

"அனுப்புநர்: (பெயர்), டோக்கன் எண் (…), தையல் பிரிவு. பெறுநர்: மேலாளர் அவர்கள். ஐயா, என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு 14-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை ஊருக்குச் செல்கிறேன். இடையில் வரும் வார விடுமுறை, பண்டிகை விடுமுறை நாட்கள் நீங்கலாக மீதமுள்ள நான்கு நாட்களுக்கு எனது கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பைச் சம்பளத்துடன் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 21-ஆம் தேதி பணிக்குத் திரும்புவேன். தங்கள் உண்மையுள்ள, (கையெழுத்து, தேதி)."

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், கொடுத்த கடிதத்தைப் படம் எடுத்து மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். "ஐயா, இன்று காலை கொடுத்த விடுப்பு விண்ணப்பம் இது" என்று ஒரு வரி எழுதினால் தேதியோடு பதிவாகிவிடும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கொங்குப் பகுதியில் பணிவாகப் பேசினால் பாதிக் காரியம் முடிந்துவிடும். மீதிப் பாதியைக் காகிதம் முடித்துக் கொடுக்கும்.

வீட்டில் ஒரு சின்ன டைரி வையுங்கள். தேதி, வேலைக்குப் போனேனா, எத்தனை ஷிப்ட் என்று தினமும் ஒரு வரி. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேகை வைக்கும் இயந்திரம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். இயந்திரத்தின் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது.

உடம்புக்கு முடியாவிட்டால்

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். நோய்க் காலத்தில் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். தெருமுனைத் தனியார் கிளினிக் சீட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக இந்தப் பணம் வராது. அந்த இரண்டு நாட்களை ஈ.எல். கணக்கில் கேட்டு வாங்குங்கள். கோவைப் பக்கத்தில் பெரிய சிகிச்சை என்றால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை.

பேறுகாலத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு 12 வாரம். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். இதை ஈ.எல்.லில் கழிக்கக் கூடாது.

காண்ட்ராக்ட், பீஸ் ரேட், ஹாஸ்டல்

"நீ காண்ட்ராக்டர் ஆள், உனக்கு லீவு எல்லாம் கிடையாது" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் தொழிலாளிதான். இருபதுக்கு ஒன்று அவருக்கும் சேரும். காண்ட்ராக்டர் சம்பளத்தைக் கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலை வாங்கிய கம்பெனி அதைக் கொடுக்கக் கடமைப்பட்டது. யார் பெயரில் இ.எஸ்.ஐ. கட்டுகிறார்கள் என்பதைக் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொண்டால், "நீ எங்கள் ஆள் இல்லை" என்று யாரும் நழுவ முடியாது.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கும் டெய்லர்களுக்கும் விடுப்பு உண்டு. ஒரு நாள் சம்பளம் எது என்று முடிவு செய்வதில்தான் தகராறு வரும். விடுப்புக்கு முந்தைய மாதத்தில் வேலை பார்த்த நாட்களின் சராசரி வருமானத்தை, ஓவர்டைமும் போனஸும் நீக்கி எடுப்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி. ஆர்டர் நன்றாக ஓடிய மாதத்துக்கு அடுத்து விடுப்பு எடுத்தால் சராசரியும் கூடுதலாக இருக்கும்.

நூல் மில் ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெளியூர்களிலிருந்து ஏஜென்ட் மூலம் வருகிறவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வேன் வைத்து ஊருக்கு அனுப்புவார்கள். இடையில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனால், அந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்து வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லும் இடங்கள் இருந்திருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் மொத்தமாகத் தொகை தரும் மூன்று ஆண்டுத் திட்டம் என்று என்ன பெயர் வைத்தாலும் வார ஓய்வும், ஒன்பது விடுமுறையும், ஈட்டிய விடுப்பும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். மகளை மில்லுக்கு அனுப்பும் பெற்றோரே, ஏஜென்டிடம் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மாதச் சம்பளச் சீட்டு தருவார்களா, ஈ.எல். நாட்களுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வேலையை விட்டு நிற்கும்போதும், கொடுக்க மறுக்கும்போதும்

நீங்களாக நின்றாலும், அவர்கள் நிறுத்தினாலும், கையிலுள்ள விடுப்பு நாட்களுக்கான பணம் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். திருப்பூரில் ஒரு கம்பெனியிலிருந்து அடுத்த கம்பெனிக்கு வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மாறிப் போவது சகஜம். மாறுகிற ஒவ்வொரு முறையும் சேர்ந்த ஈ.எல். அங்கேயே கிடந்துவிடுகிறது. கடைசிச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது "விடுப்புப் பணம் எத்தனை நாளுக்கு?" என்று கேட்டு வாங்குங்கள்.

கொடுக்க மறுத்தால் முதலில் கம்பெனியில் தொழிற்சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பூரிலும் கோவையிலும் சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி., எல்.பி.எப்., ஐ.என்.டி.யூ.சி. போன்ற சங்கங்கள் பல தலைமுறைகளாக இயங்குகின்றன. உறுப்பினராக இல்லாதவரையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், கடை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவும் கடைசியில் இந்த அலுவலகங்களுக்குத்தான் வரும். நேரடியாகப் போனால் சில வாரங்கள் மிச்சம்.

வழக்கறிஞர் வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

போகும்போது நியமனக் கடிதம் அல்லது அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. எண், விடுப்பு விண்ணப்பத்தின் நகல், உங்கள் டைரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மனுவில் கோபத்தை எழுத வேண்டாம். வேலை பார்த்த நாட்கள் இத்தனை, இருபதால் வகுத்தால் இத்தனை, ஒரு நாள் சம்பளம் இவ்வளவு, வர வேண்டிய தொகை இவ்வளவு என்று நான்கு வரி எழுதுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.